சாக்கடை ஓரத்து மணல்

எங்கள் ஊரில் எனக்கு ஒரு சரித்திர ஆசிரியர் சிநேகம். உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் சரித்திரம் படிக்கவே ஆரம்பித்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்கால வேளையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிக்க வகையில்லாமல் நின்றுபோனவன். ஆகவே அவர் பேசுவது, நான் கேட்பது என்பது எங்கள் இருவருக்குமே சௌகரியமான ஏற்பாடு.

சென்ற மாதம் ஒரு நாள் வந்தவர், உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஓர் இடத்தில் கூடி வாழ வேண்டுமானால், அவர்கள் தலைக்கு மேல் ஒருத்தன் உட்கார்ந்தே தீர வேண்டுமா? கதை எழுதுகிறவர் நீங்கள், சொல்லுங்கள்."

"வேண்டும் என்றுதானே சார் நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்?" என்றேன்.

"முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்தது நாம் எல்லோரும் படித்ததுதான். ஆற்றங்கரையில் விளைச்சல் பெருகுகிறது. மிஞ்சின தானியத்துக்குக் களஞ்சியம் வருகிறது. களஞ்சியத்துக்குக் கணக்கன் வருகிறான். கணக்கனுக்கு மேல் பூசாரி, பூசாரிக்கு மேல் ராஜா, ராஜாவைச் சுற்றி மதில். நகரம் பிறந்த கதை இதுதான் என்று படித்துப் பரீட்சை எழுதினோம். இந்தக் கதைக்கு அத்தாட்சியாக நிற்கும் ஊர் உரூக். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்தது. கி.மு. 3200-ஐ ஒட்டிய காலத்திலேயே அது உலகத்தின் மகா பட்டணங்களில் ஒன்று. அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில்தான் மனிதன் எழுதிய மிகப் பழைய எழுத்து இருக்கிறது. அது காவியமோ தோத்திரமோ என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் வாற்கோதுமைக் கணக்கு, ஆட்டுக் கணக்கு, ஆள் கணக்கு. அவற்றில் ஓர் எழுத்து, மனிதத் தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமுமாக எழுதப்பட்டிருக்கிறது. சாப்பாடு, படி என்பது அதன் பொருள். அந்தக் கிண்ணங்களும் கிடைத்திருக்கின்றன. விளிம்பு சாய்ந்த, அழகில்லாத, அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் செய்து குவித்த மண் கிண்ணங்கள். வேலை செய்தவனுக்கு அன்றன்று படியளந்த பாத்திரம் அது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எழுத்து பிறந்த அன்றே மனிதன் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாக ஏறிவிட்டான் என்று நண்பர் சொன்னபோது, எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

"உரூக்குக்கு அது சரி. ஆனால் எல்லா ஊருக்கும் அது சரியில்லை என்கிறார்கள்" என்று நண்பர் விஷயத்துக்கு வந்தார்.

அவர் முதலில் சொன்னது உக்ரைன் தேசத்துச் சமாசாரம். டிரிபிலியா மக்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கி.மு. 4100-லிருந்து 3600 வரை, உரூக் பெரிய பட்டணமாவதற்கு முன்னாலேயே, புல்வெளிக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் இவர்கள் பிரம்மாண்டமான ஊர்களைக் கட்டினார்கள். தால்யான்கி என்ற ஊர் மட்டும் 300 ஹெக்டேருக்கு மேல். நம் கணக்கில் சுமார் 750 ஏக்கர். 1960-களில் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில்தான் இவற்றின் முழு உருவம் முதலில் புலப்பட்டது. பிறகு பூமியின் காந்தத்தை அளக்கும் கருவிகளைக் கொண்டு வீடு வீடாகப் படம் போட்டார்கள். நெபெலிவ்கா என்ற இடத்தில் ஏறத்தாழ 1500 வீடுகள். எல்லாம் வட்டத்துக்குள் வட்டமாக, வரிசை வரிசையாக. நடுவில் அரண்மனை இருக்கும் என்றுதானே நினைப்போம்? நடுவில் ஒன்றுமே இல்லை. பெரிய வெட்டவெளி. வீடுகளோ பெரும்பாலும் ஒரே மாதிரி. அங்கங்கே கொஞ்சம் பெரிதாக ஒரு கட்டடம். ஊர்க்கூட்டம் கூடுகிற சாவடியாக இருக்கலாம் என்கிறார்கள். ராஜாவின் கல்லறை இல்லை, பொன் குவியல் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்பார் உண்டு. பதினாயிரத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. இதை நகரம் என்று சொல்லலாமா என்பதிலேயே சண்டை இருக்கிறது. எப்படியானாலும், தலைக்கு மேல் ஒருத்தன் இல்லாமலே அத்தனை பேர் பல தலைமுறை கூடி வாழ்ந்திருக்கிறார்கள் போலும்.

இரண்டாவது ஊர் நமக்குப் பழகிய பெயர். மொகஞ்சதாரோ. இன்று பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தில் இருக்கிறது. 1922-ல் ராக்கால்தாஸ் பானர்ஜி அங்கே தோண்டத் தொடங்கினார். 1924-ல் ஜான் மார்ஷல் அந்த நாகரிகத்தை உலகத்துக்கு அறிவித்தார். நேர் கோடாக ஓடும் தெருக்கள், ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று அளவு தப்பாத செங்கல், வீட்டுக்கு வீடு குளியலறை, நூற்றுக்கணக்கான கிணறுகள், 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமுமாக ஒரு பெரிய குளம். கி.மு. 2600-லிருந்து 1900 வரை வாழ்ந்த ஊர். இதிலும் சந்தேகமற அரண்மனை என்று காட்ட ஒரு கட்டடம் இல்லை. ராஜ சமாதி இல்லை. தாடியோடு, பூவிலை வேலைப்பாடு கொண்ட மேலாடையோடு ஒரு சின்னக் கல் சிலை கிடைத்தது, உயரம் 17.5 சென்டிமீட்டர், சாணுக்குக் குறைவு. அதற்குப் பூசாரி அரசன் என்று பட்டம் கட்டினார்களே, அது தோண்டினவர்கள் கட்டின பட்டம். அந்த ஊர்க்காரர்கள் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ! 2021-ல் ஆடம் கிரீன் என்ற ஆராய்ச்சியாளர், அந்தப் பூசாரி அரசனுக்கு விடை கொடுத்துவிடுவோம், ஆளும் கூட்டம் ஒன்று இல்லாமலே இந்த நகரங்கள் நடந்திருக்க வேண்டும் என்று விரிவாக வாதாடியிருக்கிறார்.

"ராஜா இல்லாத ஊர், தம்பி! ஆனால் வீட்டுக்கு வீடு சாக்கடை இணைப்பு! இன்றைக்கு நம் ஊரில் உண்டா?" என்று நண்பர் திண்ணையில் ஓங்கித் தட்டினார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கதை எழுதுகிறவனின் புத்தி கோணல் புத்தி. யாராவது ஒரு வீட்டை வர்ணித்தால், அந்த வீட்டுப் பத்துப் பாத்திரத்தை யார் தேய்த்தார்கள் என்றுதான் அது முதலில் கேட்கும்.

"அது சரி சார், அந்தச் சாக்கடையை யார் தூர் வாரினார்கள்?" என்று கேட்டேன்.

நண்பர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அதற்கும் ஓர் அத்தாட்சி இருக்கிறது" என்றார். மொகஞ்சதாரோவில் பல வருஷம் அகழ்ந்த எர்னஸ்ட் மக்கே அந்தச் சாக்கடைகளை வெகு நுட்பமாகப் பார்த்து எழுதியிருக்கிறார். வீட்டுத் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் விழும். கசடு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் தெருச் சாக்கடைக்குப் போகும். நீளமான சாக்கடைகளில் அங்கங்கே வண்டல் தொட்டி. மேலே மூடின செங்கலைச் சாந்து வைத்துப் பூசவில்லை. வேண்டும்போது எடுத்துத் தூர் வாரிவிட்டு மறுபடி வைப்பதற்காகச் சும்மா அடுக்கியிருந்தார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு மக்கே ஒரு சின்ன விஷயத்தையும் குறித்து வைத்திருக்கிறார். சாக்கடைகளின் ஓரத்தில் பல இடங்களில் சிறு சிறு மணல் குவியல்கள் கிடந்தனவாம். தூர் வாரினவர்கள் வாரின கசடை எப்போதும் அப்புறப்படுத்திவிடவில்லை, ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிகிறதாம்.

நண்பர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "நாலாயிரம் வருஷமாக நகராட்சி வேலை ஒரே மாதிரிதான் நடக்கிறது பார்த்தீர்களா!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மணல் குவியலை எனக்குத் தெரியும்.

பதினைந்து வருஷத்துக்கு முந்திய சம்பவம். அப்போது வேறு ஓர் ஊரில், வேறு ஒரு தெருவில் குடியிருந்தேன். மழைக்காலம் வருவதற்கு முன் எங்கள் தெருச் சாக்கடையைத் தூர் வாரினார்கள். கறுப்புச் சேற்றை வாரி, வாசலுக்கு வாசல் குவித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, நாற்றம் குடலைப் பிடுங்கிற்று. தெருக்காரர்கள் கூடினார்கள். "நீங்கள் எழுத்தாளர், நறுக்கென்று ஒரு மனு எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடமையைப் பாதியில் கைவிடுவது பற்றி அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்தை என் மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பொறுப்பற்ற துப்புரவுப் பணியாளர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டு முடித்திருந்தேன். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தவர்தான். முகம் தெரியும்.

"ஐயா, நீங்கதான் எழுதிக் குடுத்ததுன்னு மேஸ்திரி சொன்னாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"ஆமாம்ப்பா. நாலு நாளாக வாசலிலே கிடந்தால் என்ன செய்வது?" என்றேன்.

"ஈரச் சேத்த அள்ள முடியாதுங்க. கூடையில அள்ளித் தூக்கினா தண்ணி முழுக்க தலையில ஒழுவும். ரெண்டு நாளு வடிய விட்டாத்தான் தூக்கலாம். அப்புறம் வண்டி வரணும். வண்டி எங்க கையில இல்லீங்க."

நான் பேசாமல் நின்றேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"நீங்க எழுதினதுல எம் பேரு போட்டிருந்தீங்களா?"

"சே சே, யார் பெயரையும் போடவில்லையே!" என்றேன், அது ஏதோ என் பெருந்தன்மை என்பது போல.

"அதாங்க. பேரு இல்லாததுனால நாலு பேருக்கும் சேத்து ரெண்டு நாள் கூலியப் புடிச்சிட்டாங்க."

யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிய ஒரு வாக்கியத்துக்கு அன்றுதான் விலை என்ன என்று தெரிந்துகொண்டேன். நாலு பேர், எட்டு நாள் கூலி. உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. "நாலு பேத்துக்குமுன்னா வாங்கிக்கிறேங்க" என்றார். அலுவலகத்துக்கும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பெயரை அன்றுதான் கேட்டேன். அதை இங்கே எழுதவில்லை. அச்சில் போடலாமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை நண்பரிடம் சொல்லிவிட்டு, "ராஜா இல்லாவிட்டால் என்ன சார்? மேலே ஒருத்தன் இல்லை என்பதோடு ஊர் சமத்துவ ஊர் ஆகிவிடுமா? கீழே ஒருத்தன் இருந்தானே! அவன் வாரிப் போட்ட மணல் இருக்கிறதே!" என்றேன். வாதத்தில் ஜெயித்துவிட்டதாகவே எனக்கு எண்ணம்.

நண்பர் வெகு நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: "கீழே என்று யார் சொன்னார்கள், தம்பி?"

"என்ன சார்?"

"மணல் குவியல் கிடந்தது. யாரோ தூர் வாரினார்கள் என்று அது சொல்லுகிறது. வாரினவன் கீழானவன் என்று அது சொல்லவில்லையே! முறை வைத்து வீட்டுக்கு ஓர் ஆள் வாரியிருக்கலாம். நல்ல கூலிக்குச் செய்திருக்கலாம். அடித்து வேலை வாங்கியும் இருக்கலாம். மணலைப் பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குக் குனிந்த முதுகும் கூசின முகமும் தெரிந்ததென்றால், அந்த முகத்தை நீங்கள் இங்கிருந்து அங்கே கொண்டுபோயிருக்கிறீர்கள்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பூமியைத் தோண்டுகிறவர்கள் முதலில் எடுப்பது தங்கள் மனத்தில் உள்ளதைத்தான் போலிருக்கிறது. மார்டிமர் வீலர் பெரிய அறிஞர். ராணுவத்தில் பிரிகேடியராக இருந்தவர். 1944-லிருந்து 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர். அவர் கண்ணுக்குச் சிந்துவெளியில் கோட்டை தெரிந்தது, அரசாங்கக் களஞ்சியம் தெரிந்தது. மொகஞ்சதாரோவின் மேல் அடுக்குகளில் கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து, படையெடுத்து வந்தவர்கள் செய்த படுகொலை இது என்று தீர்ப்பும் சொன்னார். பின்னால் 1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் அந்தச் சாட்சியங்களை மறுபடி ஆராய்ந்து, அப்படி ஒரு படுகொலை நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று காட்டினார். எலும்புகள் ஒரே காலத்தவை அல்ல, போர் நடந்த தடயமும் இல்லை. களஞ்சியம் என்றாரே, அதில் தானியம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அங்கே கிடைத்த சின்னச் சின்ன வீட்டு வரிசைகளைக் கூலிக்காரர் குடியிருப்பு என்று சிலர் எழுதினார்கள். கூலிக்காரர் வரிசையைத் தங்கள் சாம்ராஜ்யத்தில் தினமும் பார்த்தவர்கள் அவர்கள். படைவீரர் படையைக் கண்டார், துரைமார் கூலிகளைக் கண்டார்கள். என் நண்பர் சமத்துவத்தைக் கண்டார். நான் என் வாசலில் வந்து நின்றவரைக் கண்டேன்.

அப்படியானால் பழைய ஊர்களிலிருந்து நாம் தெரிந்துகொள்வதற்கு ஒன்றுமே இல்லையா? நம் முகத்தையே பார்த்துக்கொள்ள இத்தனை ஆழம் தோண்டுவானேன்?

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிந்தது. அந்த மணல் குவியல் எனக்கு எதையும் நிரூபித்துக் கொடுக்கவில்லை. ஆனால் என்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. "எப்போதும் இப்படித்தான்" என்ற சொல்லைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. நம் சௌகரியங்களுக்கெல்லாம் அதுதான் கடைசி அரண். ஏனப்பா ஒருவன் தலையில் சேறு ஒழுக வேண்டும் என்று கேட்டால், நாலு பேர் கூடி வாழ்ந்தால் ஒருத்தன் செய்துதானே ஆக வேண்டும், உலகம் தோன்றின நாளாய் இப்படித்தான் என்கிறோம். எந்த உலகம்? உரூக்கில் கணக்கு வைத்தார்கள், படியளந்தார்கள். நெபெலிவ்காவில் நடு இடத்தைக் காலியாக விட்டார்கள். அந்த டிரிபிலியா ஜனங்கள் மாட்டு எருவைப் போட்டுப் பட்டாணி வளர்த்தார்கள் என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஊரின் கழிவே ஊரின் சாப்பாடாயிற்று. மொகஞ்சதாரோவில் செங்கல் சாக்கடை கட்டினார்கள். ஜனங்கள் கூடி வாழ ஒரே வழிதான் என்று பூமி சொல்லவில்லை. ஒவ்வோர் ஊரும் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. நாமும் தேர்ந்தெடுத்திருக்கிறோம். தேர்ந்தெடுத்ததை விதி என்று சொல்லிக்கொள்கிறோம்.

அந்த மூடிகளையும் நினைத்துக்கொண்டேன். சாந்து பூசாமல், கையால் எடுக்கும்படி அடுக்கி வைத்த செங்கல் மூடிகள். தெருச் சாக்கடைகளில் பெரும்பாலானவை ஆழம் குறைந்தவை. மேலே நின்றபடியே வாரலாம். பெரிய குளத்தின் வடிகால் மட்டும் ஆள் நுழையக்கூடிய வளைவு, அதற்குள் யாராவது இறங்கியிருக்கலாம். ஆனால் தெருச் சாக்கடையைக் கட்டினவன், கட்டும்போதே, நாளைக்கு இதைத் திறக்கப்போகும் கையை நினைத்திருக்கிறான். அவன் அன்பினால் நினைத்தானோ, வெறும் கொத்தனார் புத்தியால் நினைத்தானோ, நினைத்திருக்கிறான். நம் பாதாளச் சாக்கடையைக் கட்டினவர்கள் யாரை நினைத்தார்கள்? வட்டமாக ஒரு துவாரம் வைத்தார்கள். ஒரு மனித உடம்பு நுழையும் அளவு. அடைத்துக்கொண்டால் ஒருவன் உள்ளே இறங்குவான் என்பது வரைபடத்திலேயே இருக்கிறது. உள்ளே விஷவாயு இருக்கும் என்பதும் கட்டினவர்களுக்குத் தெரியாததல்ல.

மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று நம் தேசத்தில் 1993-ல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதும் அதில் குற்றம். 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடைக்குள் இறந்தவர்கள் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, எதனால் உயர்ந்தது? சாவு நிற்கவில்லை. தடுக்கப்பட்ட ஒரு காரியத்துக்கு நஷ்டஈட்டை உயர்த்திக்கொண்டே போகிறோம் என்றால், அந்தக் காரியத்தை நம் மனசு இன்னும் தடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதில் இறங்குகிறவர்கள் எந்தத் தெருவில் பிறந்தவர்கள் என்று கேட்டால், நாம் எல்லோருக்கும் பதில் தெரியும். சொல்ல மாட்டோம். மொகஞ்சதாரோவின் மணல் சொல்லாத பதில் இது. நம் மணல் சொல்லிவிடும்.

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்கு நண்பரும் நானும் ஒரு தடவை போயிருந்தோம். அங்கே உடைந்த பானை ஓடுகளில் பெயர்கள் கீறியிருக்கின்றன. ஆதன் என்று ஒருவன், குவிரன் என்று ஒருவன். ராஜாக்கள் அல்லர். தன் பானையில் தன் பெயரைக் கீறிக்கொண்ட ஜனங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு மனிதன், இது என்னுடையது, நான் இருந்தேன் என்கிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பானைக்கு உரியவன் பெயரைக் கீறலாம். சாக்கடை ஓரத்துச் சேற்றில் யார் தன் பெயரைக் கீறுவான்? கீறினால்தான் நிற்குமா? அவன் பெயரை வைத்திருக்க வேண்டியது தெருவிலே குடியிருக்கிறவர்கள்.

நாலாயிரம் வருஷம் கழித்து யாரோ ஒருவன் நம் ஊரைத் தோண்டுவான் என்று வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடையின் வட்டத் துவாரம் கிடைக்கும். சேறு குவித்த மணல் கிடைக்கும். கூடவே என் மனுவும் பதினேழு கையெழுத்தோடு கிடைத்துவிட்டால், அவனுக்கு ஊகத்துக்கு வேலையே இல்லை. இந்த ஊரில் ராஜா இல்லை, வாக்குச் சீட்டு இருந்தது, எல்லோரும் சமம் என்று எழுதி வைத்திருந்தார்கள் என்று கண்டுபிடிப்பான். பிறகு என் மனுவை வாசிப்பான். உரூக்கின் களிமண் பலகையிலாவது அந்த மனிதனுக்கு ஒரு தலையும் ஒரு கிண்ணமும் எழுதியிருந்தார்கள். என் மனுவில் அதுகூட இல்லை.

போன வாரம் இந்தத் தெருவிலும் சாக்கடை தூர் வாரினார்கள். ஓர் இளைஞன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, வழக்கம்போல் சேற்றை வாசலுக்கு வாசல் குவித்துவிட்டுப் போனான். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைத் தாளோடு வந்துவிட்டார். "நீங்க எழுதினா நல்லா இருக்கும் சார்" என்றார். எழுதினேன். வாரின சேற்றை அன்றன்றே எடுத்துப்போக வண்டி வேண்டும், கையுறையும் காலணியும் வேண்டும், தலையில் சுமக்காமல் தள்ளிக்கொண்டு போக வசதி வேண்டும் என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்தார். "இதுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்? நாத்தத்தைப் பத்தி ஒண்ணுமே எழுதலியே?" என்றார். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நண்பர் போட்டார். என் மனைவி போட்டாள். நான் போட்டேன். மூன்று கையெழுத்து ஆயிற்று. அந்த இளைஞனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். மனுவில் அதைச் சேர்க்கலாமா, அதனால் அவனுக்கு ஏதாவது தொந்தரவு வருமா என்று அவனையே கேட்க வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வாசலில் அந்தக் குவியல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் இன்னும் முழுக்க வடியவில்லை. வண்டி நாளைக்கு வரலாம்.